குறிக்குக் குலம் தெரியாது!

தம்பி,

கூர் சீவிய பென்சிலின் முனையால் வெள்ளைத் தாளிலே இலேசாகத் தொட்டு எடு. ஒரு புள்ளி தெரியும். அதன் அகலம் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர். அந்தப் புள்ளியைப் பத்து மீட்டருக்கு அப்பால் நிறுத்திவிட்டு, ஐந்தரைக் கிலோ வரை எடையுள்ள துப்பாக்கியைத் தோளிலே சாய்த்து, நின்ற நிலையிலே நின்று, ஒரு முறையல்ல, இரு முறையல்ல, அறுபது முறை அடி என்கிறார்கள்! ஒன்றே கால் மணி நேரத்துக்குள் அறுபதையும் அடித்து முடிக்க வேண்டும். கை நடுங்கினால் போச்சு. மூச்சு முந்தினால் போச்சு. இதயம் துடிக்கும் துடிப்பே குழலின் முனையிலே தெரியுமாம்! அதையும் அடக்கியாள வேண்டும்.

காற்றுத் துப்பாக்கிப் போட்டி என்று இதற்குப் பெயர். வெடிமருந்து இல்லை, புகை இல்லை. அடைத்து வைத்த காற்று தள்ளிவிட, நாலரை மில்லிமீட்டர் ஈயக் குண்டு பாய்ந்து செல்லும். நட்ட நடுவிலே பட்டால் 10.9. மயிரிழை விலகினால் 10.4. இன்னும் சற்று விலகினால் 9.8. உலகத்து வீரர்கள் தங்கத்தைப் பெறுவதும் தவற விடுவதும் இந்த மயிரிழையிலேதான்.

அந்தப் புள்ளியைப் பற்றி ஒன்று சொல்வேன், தம்பி. அது எவரையும் பார்த்து, 'நீ யார்? உன் தகப்பன் யார்? உன் ஊர் எது? உன் குலம் எது?' என்று கேட்பதில்லை. கோமான் அடித்தாலும் கூலிக்காரன் அடித்தாலும் 10.9 என்றால் 10.9தான். ஆனால் அந்தப் புள்ளிக்கு எதிரே வந்து நிற்பதற்கு ஒரு வாயில் இருக்கிறதே, அந்த வாயிலிலேதான் கேள்விகள் காத்து நிற்கின்றன! பணம் உண்டா? பயிற்சி தர ஆள் உண்டா? நாடு உண்டா? கடவுச் சீட்டு உண்டா?

குறிக்குக் குலம் தெரியாது. வாயிற் காப்போனுக்குத்தான் தெரிகிறது!

இது இன்று நேற்று முளைத்த வழக்கமல்ல. ஐரோப்பியக் கண்டத்திலே குறுக்குவில் என்றொரு கருவி வழக்கத்திலே இருந்தது. கட்டையிலே வில்லைக் குறுக்கே பொருத்தி, நாணை இழுத்து மாட்டி, விசையைத் தட்டினால் கணை பாயும். நெடுவில்லை வளைக்க ஆண்டுக் கணக்கிலே பழக வேண்டும். குறுக்குவில்லுக்கு அவ்வளவு வேண்டியதில்லை. உழவன் மகன் சில வாரங்களிலே கற்றுக்கொள்வான். கற்றுக்கொண்டால், இரும்புக் கவசம் பூண்டு குதிரைமீது கொலுவிருந்த பிரபுவையும் அவனால் வீழ்த்த முடியும். பிரபுக்களுக்குத் தூக்கம் வருமா? 1139-ஆம் ஆண்டிலே இலாத்தரன் திருச்சபைப் பேரவை, வில்லாளரும் குறுக்குவில்லாளரும் தங்கள் கொலைத் தொழிலைக் கிறித்தவர்கள்மீது காட்டக் கூடாதென்று தடை விதித்தது. கருணை ததும்பிய தடைதான். ஆனால் வாளுக்கும் வேலுக்கும் இல்லாத தடை வில்லுக்கு மட்டும் வந்ததே, அது ஏன் என்று கேட்கத் தோன்றுகிறதல்லவா?

அந்தக் குறுக்குவில்லைத் தோளிலே சாத்தியவன்தான் வில்லியம் டெல் என்று சுவிஸ் நாட்டிலே ஒரு கதை சொல்வார்கள். ஆல்ட்டோர்ஃப் ஊர்ச் சந்தையிலே கம்பம் நட்டு, அதன் உச்சியிலே தன் தொப்பியை மாட்டி, 'போவோர் வருவோரெல்லாம் இதற்குத் தலை வணங்கிச் செல்க' என்று கட்டளையிட்டானாம் கெஸ்லர் என்ற அதிகாரி. தலைக்கு அல்ல, தம்பி, தொப்பிக்கு! டெல் வணங்கவில்லை. அதற்குத் தண்டனையாக, பெற்ற மகன் தலைமீது ஆப்பிளை வைத்து அதை அடிக்கச் சொன்னார்கள். அடித்தான். இன்னொரு கணையை எதற்கு மறைத்து வைத்தாய் என்று கேட்டதற்கு, 'மகனுக்கு ஏதேனும் நேர்ந்திருந்தால் அது உனக்கு' என்றானாம்.

நடந்த நிகழ்ச்சிதானா இது? வரலாற்றாசிரியர்கள் சான்று கிடைக்கவில்லை என்கிறார்கள். 1307-இலே நடந்ததாகச் சொல்லப்படும் கதை, ஏறத்தாழ 1474-இலேதான் ஏட்டிலே ஏறியிருக்கிறது. கதையைக் கதையென்றே கொள்வோம். ஆனால் ஒரு மக்கள் எந்தக் கதையைப் போற்றி வளர்க்கிறார்கள் என்பதிலே அவர்கள் நெஞ்சம் தெரியும். தொப்பிக்குத் தலை வணங்காதவனைத் தங்கள் வீரனாகக் கொண்டாடுகிறார்கள் அவர்கள். இன்னொரு மண்ணிலே, இன்னொரு கதையைப் போற்றினார்கள். அதற்குப் பிறகு வருகிறேன்.

குறுக்குவில் இன்று கொலைக் கருவியல்ல, விளையாட்டுக் கருவி. 1956-ஆம் ஆண்டு ஜெர்மனியிலே, லாண்ட்ஷூட் நகரிலே, அதற்கென உலகச் சங்கமே அமைத்தார்கள். பத்து மீட்டர், முப்பது மீட்டர் தொலைவுகளிலே போட்டிகள் நடக்கின்றன. காற்றுத் துப்பாக்கியும் குறுக்குவில்லும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் போல. இரண்டிலும் புகை இல்லை, இரண்டிலும் அமைதிதான் ஆயுதம். ஒன்றிலே பழகியவர் மற்றொன்றைக் கையிலே எடுப்பது அந்நாடுகளிலே அரிதல்ல. குறுக்குவில்லுக்கு ஒலிம்பிக் பந்தயத்திலே இடம் இல்லை. காற்றுத் துப்பாக்கிக்கு 1984 முதல் இடம் உண்டு.

அந்த ஒலிம்பிக் களத்திலே நின்ற ஒருவரைப் பற்றித்தான் இன்று உன்னிடம் பேச விரும்புகிறேன். நிக்கோலோ காம்ப்ரியானி. இத்தாலி நாட்டுப் புளோரன்ஸ் நகரிலே 1987-இலே பிறந்தவர். அமெரிக்கா சென்று, மேற்கு வர்ஜீனியப் பல்கலைக் கழகத்திலே பொறியியல் பயின்றுகொண்டே சுடும் கலையும் பயின்றவர்.

2008-இலே பெய்ஜிங் சென்றார். காற்றுத் துப்பாக்கிப் போட்டியின் இறுதிச் சுற்றுக்குள் நுழைய முடியாமலே திரும்பினார். அதே போட்டியிலேதான் நம் நாட்டு அபினவ் பிந்திரா 700.5 புள்ளிகள் பெற்று, இந்தியாவுக்கு முதல் தனிநபர் தங்கத்தை வென்றார். வெறுங்கையோடு திரும்பிய காம்ப்ரியானி ஓய்ந்தாரா? இல்லை. 2010-இலே மியூனிக் நகரிலே உலக வாகையர் பட்டம். 2012-இலே இலண்டனிலே ஐம்பது மீட்டர் மூன்று நிலைப் போட்டியிலே தங்கம். காற்றுத் துப்பாக்கியிலே வெள்ளி. 2016-இலே ரியோவிலே இரண்டிலும் தங்கம்!

ரியோவின் இரண்டாவது தங்கம் எப்படி வந்தது தெரியுமா? ஐம்பது மீட்டர் இறுதிச் சுற்று. கடைசி ஒரே ஒரு குண்டு பாக்கி. ரஷ்யாவின் செர்கெய் கமென்ஸ்கி 0.6 புள்ளி முன்னாலே நிற்கிறார். காம்ப்ரியானி அடிக்கிறார், 9.2! மோசமான அடி. தங்கம் கை நழுவியது என்று பார்த்தோர் எண்ணியிருப்பர். கமென்ஸ்கி அடிக்கிறார், 8.3! இருவர் நெஞ்சமும் நடுங்கியிருக்கிறது. ஒருவர் நடுக்கம் சற்றுக் குறைவு, அவ்வளவே. 458.8-க்கு 458.5. தங்கத்துக்கும் வெள்ளிக்கும் இடையே 0.3 புள்ளி.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன்? வென்றவர்கள் தங்கள் வெற்றியை விதி என்பார்கள். பிறவிப் பேறு என்பார்கள். இரத்தத்திலேயே ஊறியது என்பார்கள். 9.2 அடித்துத் தங்கம் வென்றவர் அப்படிப் பேச முடியுமா? உழைப்பு உண்டு, மறுப்பார் இல்லை. ஆனால் உழைப்பதற்கு இடம் கிடைத்ததும் உண்டு. கற்றுத் தர ஆசான் கிடைத்ததும் உண்டு. கடைசிக் குண்டிலே எதிரியின் கை நடுங்கியதும் உண்டு. இவ்வளவும் சேர்ந்ததுதான், தம்பி, வெற்றி என்ற ஒற்றைச் சொல்!

இப்போது 2012 இலண்டன் மேடைக்கு வருவோம். காற்றுத் துப்பாக்கி மேடையிலே மூவர். தங்கம் பெற்றவர் ருமேனியாவின் ஆலின் மோல்டோவியானு, 702.1. வெள்ளி பெற்றவர் காம்ப்ரியானி, 701.5. வெண்கலம் பெற்றவர் நம் நாட்டுக் ககன் நாரங், 701.1. மூவருக்கும் இடையே மொத்தம் ஒரே ஒரு புள்ளி வித்தியாசம்!

இந்த விளையாட்டின் விலை என்ன என்பதையும் நீ அறிய வேண்டும். பெரும் போட்டிகளிலே ஏந்தும் காற்றுத் துப்பாக்கி ஒன்றுக்கே இரண்டு மூன்று லட்சம் ரூபாய் ஆகும். விறைத்து நிற்கும் தடித்த சட்டை, காலணி, கையுறை, நாள்தோறும் நூற்றுக் கணக்கிலே செலவாகும் குண்டுகள், இவையெல்லாம் தனிக் கணக்கு. பிந்திராவுக்குச் சண்டிகருக்கு அருகிலே சொந்த வீட்டிலேயே சுடுதளம் கட்டித் தர வசதி படைத்த தந்தை இருந்தார். பிந்திராவின் உழைப்பைக் குறைத்துப் பேசவில்லை. அவரைப்போல் ஒரு புள்ளிக்காக உயிரைக் கொடுத்து உழைத்தவர் அரிது. நாரங்கின் தந்தையோ, மகனுக்குத் துப்பாக்கி வாங்கித் தர நிலத்தை விற்றார் என்று ஏடுகள் எழுதின. ஒரு வீட்டிலே சுடுதளம் எழுந்தது. ஒரு வீட்டிலே நிலம் போயிற்று. விற்க நிலமே இல்லாத வீட்டிலே? அங்கே பிறந்த பிள்ளைக்கு அந்தப் புள்ளி கண்ணுக்கே தெரியாது, தம்பி! தெரியாத குறியை எப்படி அடிப்பான்?

வென்றவர் பதக்கத்தைப் பெட்டியிலே பூட்டிவிட்டுப் போயிருந்தால், அவர்களைப் பற்றி எழுத வேண்டிய தேவை எனக்கு இல்லை. வெள்ளி பெற்றவரும் வெண்கலம் பெற்றவரும் பின்னாளிலே செய்த காரியம்தான் என்னை எழுத வைக்கிறது.

காம்ப்ரியானி ரியோவுக்குப் பின் களத்தை விட்டு விலகினார். 2019-ஆம் ஆண்டு, சுவிட்சர்லாந்து நாட்டிலே, ஒலிம்பிக் தலைமையகம் இருக்கும் இலோசான் நகரிலே, ஒரு முயற்சியைத் தொடங்கினார். அந்நாட்டிலே அடைக்கலம் புகுந்த அகதிகள் மூவரைத் தேர்ந்தார். துப்பாக்கி சுடும் விளையாட்டு இன்னதென்றே அறியாதவர்கள். அவர்களை நிறுத்தி, கால் எங்கே, தோள் எங்கே, மூச்சு எப்போது, விரல் எப்போது என்று முதல் எழுத்திலிருந்து கற்றுத் தந்தார். நோக்கம்? டோக்கியோ ஒலிம்பிக்!

சிரித்திருப்பார்கள். சிரிக்கத்தானே செய்வார்கள்! பத்து வயதிலே பயிற்சி தொடங்கி, பதினைந்து ஆண்டு பாடுபட்டும் ஒலிம்பிக் வாயிலைக் காணாதவர்கள் ஆயிரம் ஆயிரம். முகாமிலிருந்து வந்தவர்கள், மொழி தெரியாதவர்கள், துப்பாக்கியைத் தொட்டறியாதவர்கள், இவர்களா போகப் போகிறார்கள் என்று ஏளனம் பேசுவோருக்கு எந்த நாட்டிலே பஞ்சம்?

போனார்கள். மூவரும் அல்ல, ஒருவர் போனார். லூனா சாலமன். ஆப்பிரிக்காவிலே செங்கடல் ஓரத்து எரித்திரியா நாட்டுப் பெண். முடிவு தெரியாத கட்டாயப் படைப்பணிக்கு அஞ்சி இளைஞர் கூட்டம் கூட்டமாக வெளியேறும் நாடு அது. போட்டிக்கு உரிய குறைந்தபட்சப் புள்ளிகளைப் பெற்று, அகதிகள் அணியின் சார்பிலே அவர் டோக்கியோ களத்திலே நின்றார். பெருநோயின் காரணமாக ஓராண்டு தள்ளி 2021-இலே நடந்த அந்த ஒலிம்பிக்கிலே, ஜூலை 24-ஆம் நாள், பெண்கள் பத்து மீட்டர் காற்றுத் துப்பாக்கிப் போட்டி. அந்த ஒலிம்பிக்கின் முதல் தங்கமே அந்தப் போட்டியிலேதான் வழங்கப்பட்டது. பெற்றவர் சீன நாட்டு யாங் கியான்.

லூனா வென்றாரா? இல்லை. பட்டியலின் அடிப்பகுதியிலே அவர் பெயர் இருந்தது. ஆனால் பட்டியலிலே இருந்தது! இரண்டே ஆண்டுகளுக்கு முன் எந்தப் பட்டியலிலும் இல்லாத பெயர். உலகம் எண்ணிக்கையிலே மட்டும் வைத்திருந்த பெயர். அகதி என்ற மூன்றெழுத்துக்குள்ளே அடங்கிப் போயிருந்த பெயர்!

தம்பி, இனித்தான் நீ கவனிக்க வேண்டிய செய்தி. அதே நாள், அதே களம், அதே போட்டியிலே இன்னொரு பெண்ணும் நின்றார். அவர் பெயரைச் சொன்னாலே உன் உள்ளம் உவகை கொள்ளும். இளவேனில் வாலறிவன்! கடலூரிலே பிறந்து, அகமதாபாத்திலே வளர்ந்த தமிழ்ப் பெண். தந்தையின் பெயரோ வள்ளுவர் கையாண்ட சொல். உலகத் தர வரிசையிலே முதலிடம் வரை சென்றவர். அன்று அவருக்கு 16-ஆம் இடம். இறுதிச் சுற்று கிட்டவில்லை. இந்த இளவேனிலை வளர்த்தெடுத்தது யார்? இலண்டனிலே வெண்கலம் பெற்ற அதே ககன் நாரங் நடத்தும் பயிற்சிக் கூடம்தான்!

கணக்கைப் பார். 2012-இலே வெள்ளிப் பதக்கமும் வெண்கலப் பதக்கமும் ஒரே மேடையிலே நின்றன. 2021-இலே வெள்ளியின் மாணவியும் வெண்கலத்தின் மாணவியும் ஒரே களத்திலே நின்றார்கள். ஒருத்தி எரித்திரியா மண்ணை இழந்தவள். ஒருத்தி கடலூர் மண்ணிலே பிறந்தவள். 2024-இலே பாரிசிலும் இருவரும் அதே போட்டியிலே நின்றார்கள். இளவேனில் பத்தாம் இடம் பெற்றார். எட்டுப் பேருக்கே இறுதிச் சுற்று. இருவருக்கும் ஒலிம்பிக் பதக்கம் இல்லை. ஆயினும் அந்த இரண்டு ஆசான்களும் 2012-இலே பெற்ற பதக்கங்களைவிட இந்த இரண்டு மாணவியர் விலை மதிப்பற்றவர்கள் என்பேன். பதக்கம் ஒருவர் கழுத்திலே தொங்கும், அதோடு முடிந்தது. கற்றுத் தந்த கலை ஒரு கையிலிருந்து மறு கைக்குப் போகும். அதற்கு முடிவே இல்லை!

பிறகு வருகிறேன் என்று சொன்னேனே ஒரு கதை, அதற்கு வருகிறேன். பாரதக் கதையிலே ஏகலைவன் வருகிறான். வேடர் குலத்துப் பிள்ளை. வில் கற்க வந்தான். துரோணர் மறுத்தார். வில்லை வளைக்கத் தெரியாதென்றா மறுத்தார்? கண் கூர்மை போதாதென்றா மறுத்தார்? குலம் பார்த்து மறுத்தார். மண்ணால் ஆசானின் உருவம் செய்து வைத்துத் தானாகவே கற்றான். கற்றுத் தேறிவிட்டான் என்று கண்டதும், கற்றுத் தராத ஆசான் காணிக்கை கேட்டார். எதை? நாணைப் பிடிக்கும் வலக்கைக் கட்டை விரலை! கொடுத்தான் என்பது கதை. குருபக்தி என்று அதற்குப் பெயர் சூட்டிப் புகழ்ந்தார்கள்.

தொப்பிக்கு வணங்காதவனைப் போற்றும் கதை அங்கே. விரலை வெட்டிக் கொடுத்தவனைப் போற்றும் கதை இங்கே! இரண்டும் கதைகளே. ஆனால் காம்ப்ரியானி கதையல்ல. நம் காலத்து மனிதர். விரலைக் கேட்ட ஆசானைப் பற்றி நூற்றாண்டு நூற்றாண்டாகக் கேட்டோம். விசையின்மேல் விரலை எப்படி வைப்பது என்று, நாடற்ற ஒருத்திக்குக் கற்றுத் தந்த ஆசானைப் பற்றி ஒரு நாளாவது பேச வேண்டாமா?

'அழகாகப் பேசுகிறீர், ஆனால் தகுதி என்று ஒன்று இருக்கிறதே! திறமை என்று ஒன்று இருக்கிறதே! பட்டியலின் அடியிலே வரப் போகிறவருக்கு ஒலிம்பிக்கிலே இடம் எதற்கு?' என்று கேட்போர் உண்டு. தகுதி, திறமை! எங்கே ஒரு புதியவன் உள்ளே வர அடியெடுத்து வைத்தாலும், அங்கே முன்னால் வந்து வழிமறிக்கும் இரண்டு சொற்கள்!

அவர்களுக்கு விடை சொல்ல நான் வாதாட வேண்டியதில்லை. காம்ப்ரியானியின் சுடுதளமே விடை சொல்கிறது. துப்பாக்கியைத் தொட்டறியாத ஒருவரை நிறுத்தி, நல்ல கருவியும் நல்ல ஆசானும் தந்தால், இரண்டு ஆண்டிலே ஒலிம்பிக் களத்துக்கு உரிய புள்ளிகளை எட்ட முடிகிறது. எட்டினார். சலுகைப் புள்ளி தரவில்லை. குறிப் பலகையை அவருக்காகப் பெரிதாக்கவில்லை. பத்து மீட்டரை ஒன்பதாகக் குறைக்கவில்லை. அதே அரை மில்லிமீட்டர், அதே அறுபது குண்டு! அப்படியானால் இத்தனை காலமும் இல்லாதிருந்தது எது? திறமையா? அல்ல, அல்ல, வாய்ப்பு! விதையைக் கல்லிலே போட்டுவிட்டு, 'முளைக்கும் தகுதி இல்லை இதற்கு' என்பவனை உழவன் என்போமா? இரண்டு ஆண்டுப் பயிற்சி இவ்வளவு தூரம் கொண்டு வந்ததென்றால், இருபது ஆண்டுப் பயிற்சி எங்கே கொண்டு சென்றிருக்கும் என்று எண்ணிப் பார்ப்பதல்லவா நேர்மை!

'போருக்கும் துப்பாக்கிக்கும் தப்பி ஓடி வந்தவர்கள் கையிலே மீண்டும் துப்பாக்கியா?' என்று வேறு சிலர் உருகக் கூடும். உருக்கம் நல்லதே. ஆனால் எண்ணிப் பார். கத்தி கொலைகாரன் கையிலும் இருக்கிறது. மருத்துவர் கையிலும் இருக்கிறது. எவருடைய அச்சத்துக்குக் காரணமாக இருந்ததோ, அந்தக் கருவியையே அமைதியின் கருவியாக்கி, மூச்சை அடக்கவும் மனத்தை ஒருமுகப்படுத்தவும் அவர் கற்றுக்கொள்வது தோல்வியா? அச்சத்தின்மீது கொண்ட வெற்றி என்பேன் நான். கொலைக் கருவியாகப் பிறந்த குறுக்குவில் விளையாட்டுக் களத்துக்கு வந்து சேரவில்லையா?

'சோற்றுக்கே வழியில்லாதவனுக்குச் சுடுதளம் எதற்கு?' என்பது மூன்றாவது கேள்வி. இதைக் கேட்போர் பெரும்பாலும் சோற்றுக்குக் குறைவில்லாதவர்களாகவே இருப்பார்கள், கவனித்திருக்கிறாயா தம்பி? சோறு வேண்டும், முதலிலே வேண்டும், அதிலே ஐயமில்லை. ஆனால் சோறு மட்டுமே போதும் ஏழைக்கு, ஆடலும் பாடலும் ஆட்டமும் ஓட்டமும் அடுத்த தெருக்காரனுக்கு என்று எழுதி வைத்தது யார்? வயிறு மட்டுமா படைத்தோம்? கண் இல்லையா? கை இல்லையா? உலகம் பார்க்க நிமிர்ந்து நிற்க வேண்டும் என்ற ஆசை இல்லையா? அந்த ஆசையை மறுப்பதும் ஒரு வகைப் பட்டினிதான்!

இன்னொரு நிகழ்ச்சி சொல்வேன். 1976, மாண்ட்ரியால் ஒலிம்பிக். ஆணும் பெண்ணும் ஒரே களத்திலே போட்டியிட்ட காலம். அமெரிக்காவின் லேனி பாஷம், அதே நாட்டு மார்கரெட் மர்டாக் இருவரும் சமமான புள்ளிகள். விதிப்படி தங்கம் பாஷமுக்கு, வெள்ளி மர்டாக்குக்கு என்றார்கள். நாட்டுப் பண் இசைத்த வேளையிலே பாஷம் என்ன செய்தார்? கீழே நின்ற அந்தப் பெண்ணைக் கை கொடுத்துத் தூக்கித் தன் மேடையிலே, தன் பக்கத்திலே நிறுத்திக்கொண்டார். விதி வெள்ளி என்றது. வீரர் தங்கம் என்றார்! மேல் படியிலே நிற்பவன் கீழே கை நீட்டும்போதுதான் அந்தப் படி உயர்ந்த படியாகிறது. இல்லையேல் அது வெறும் பலகை!

காம்ப்ரியானி நீட்டியது அந்தக் கை. நாரங் நீட்டியது அந்தக் கை. ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. நல்லவர் கை நீட்டுவாரா என்று காத்திருப்பது மட்டுமே ஒரு சமுதாயத்தின் திட்டமாக இருக்க முடியாது. ஒரு காம்ப்ரியானி மூவருக்குக் கற்றுத் தந்தார். ஒருவர் களம் கண்டார். 2016-இலே ரியோவிலே தொடங்கிய அகதிகள் அணியிலே பத்துப் பேர். டோக்கியோவிலே 29 பேர். பாரிசிலே, காமரூன் நாட்டிலே பிறந்த சிண்டி எங்காம்பா குத்துச்சண்டையிலே வெண்கலம் பெற்று, அந்த அணிக்கு முதல் பதக்கத்தைத் தேடித் தந்தார். மகிழ்ச்சி! ஆனால் உலகிலே வீடிழந்தோர் எண்ணிக்கை கோடிக் கணக்கிலே! பத்தும் இருபத்தொன்பதும் வாயில் திறந்ததற்கு அடையாளம்; வாயில் அகன்றதற்கு அடையாளம் அல்ல.

நம் நாட்டுக்கு இதிலே பாடம் உண்டா? உண்டு. காற்றுத் துப்பாக்கிக்கு மலையும் மைதானமும் வேண்டியதில்லை. பத்து மீட்டர் நீளமுள்ள கூடம், பின்னாலே உறுதியான தடுப்பு, கண்காணிக்க அறிந்த ஒருவர் இருந்தால் போதும். ஊருக்கு ஒன்று வேண்டாம். மாவட்டத்துக்கு ஒன்றாவது, கட்டணம் கட்ட இயலாத பிள்ளைக்கும் திறந்திருக்கும் பொதுச் சுடுதளம் வேண்டும். துப்பாக்கி ஒவ்வொருவருக்கும் சொந்தமாக இருக்க வேண்டியதில்லை. நூலகத்துப் புத்தகம்போல் முறைவைத்து எடுத்துப் பழகலாம். புத்தகத்தை அப்படிப் பொதுவாக்கிய பிறகுதானே ஏழை வீட்டுப் பிள்ளை படிக்கத் தொடங்கினான்! கருவியும் பொதுவாகட்டும்; ஆசானும் பொதுவாகட்டும்; பிறகு பார்ப்போம், தகுதி எந்தத் தெருவிலே குடியிருக்கிறதென்று!

இளவேனில் வென்ற செய்தி வந்தால் 'நம் பெண்' என்று நெஞ்சு நிமிர்த்துகிறோம். நிமிர்த்தலாம்; உரிமை உண்டு. ஆனால் அவர் கற்றது அகமதாபாத்திலே, நாரங்கின் கூடத்திலே. கடலூரிலேயே இருந்திருந்தால் அந்தக் கைக்குத் துப்பாக்கி எட்டியிருக்குமா என்ற கேள்வியையும் கூடவே கேட்டுப் பார்க்க வேண்டும். பெருமையை மட்டும் எடுத்துக்கொண்டு பொறுப்பைத் தள்ளிவிடுவது வீரருக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

அரை மில்லிமீட்டர்ப் புள்ளி அங்கே காத்திருக்கிறது, தம்பி. அதற்கு இத்தாலியும் தெரியாது, எரித்திரியாவும் தெரியாது, கடலூரும் தெரியாது. வருகிற கண்ணுக்கெல்லாம் அது ஒரே புள்ளி. அதன் எதிரே வந்து நிற்கும் வழியை மனிதர்கள்தான் அடைத்தார்கள். மனிதர்களால் திறக்கவும் முடியும் என்று ஒரு வெள்ளிப் பதக்கக்காரரும் ஒரு வெண்கலப் பதக்கக்காரரும் செய்து காட்டிவிட்டார்கள். தனி மனிதர் இருவர் திறந்த வாயிலை, அரசும் ஊரும் சேர்ந்து திறக்க முடியாதா?

முடியும். திறக்கட்டும்! விரலைக் கேட்ட காலம் போதும். விரல் பிடித்துக் கற்றுத் தரும் காலம் வரட்டும்!